மாமா வீட்டு பரண்ல லீவர் ரைஃபிள் கிடைச்சிருக்கு, இது வின்செஸ்டரா? நம்ம ஊர்ல இத கலெக்ட் பண்ண வழி இருக்கா?

கெடிலக்கரையான்

எல்லாருக்கும் வணக்கம், நமக்கு ஊரு கடலூர் மஞ்சக்குப்பம். சின்ன வயசுல கௌபாய் படமா பாத்து வளந்ததுல இந்த லீவர் ரைஃபிள் மேல ஒரு கிறுக்கு உண்டு, அதாங்க ட்ரிக்கர சுத்தி வளையம் மாதிரி இருக்குமே, அத சடக்குனு கீழ தள்ளி மேல இழுத்தா அடுத்த தோட்டா ஏறிக்கும், அந்த டைப். யூட்யூப்ல வெள்ளக்காரங்க செவுரு ஃபுல்லா பழைய பழைய பீஸா மாட்டி வச்சிருக்கறத பாத்தா வயிறு எரியுது.

விஷயம் என்னன்னா பாண்டி முத்தியால்பேட்டைல எங்க மாமா வீட்ட இடிச்சு கட்டறாங்க, பரண்ல இருந்து சாமான் எறக்கறப்ப கோணி சாக்குல சுத்தி நீட்டா ஒண்ணு வந்துச்சு, பிரிச்சா துப்பாக்கி! கீழ லீவர் இருக்கு. மாமா என்னடான்னா "எங்க தாத்தா ஃப்ரெஞ்சு பட்டாளத்துல சொல்தா, அதாவது சிப்பாய், அவருக்கு குடுத்த வின்செஸ்டர் டா இது"ன்னு அடிச்சு சொல்றாரு. தோட்டா ஒண்ணும் கூட இல்ல. மேல லேசா துரு, கட்டை நல்லா கெட்டியா இருக்கு.

இது நெஜமாவே வின்செஸ்டர் தானா, எப்படி கண்டுபிடிக்கறது? மாமா எனக்கே எடுத்துக்கோடான்னு சொல்றாரு, வண்டில வச்சு கடலூர் கொண்டாந்துரலாமா? அப்பறம் இத வச்சு ஆரம்பிச்சு மெதுவா ஒரு கலெக்‌ஷன் சேக்கணும்னு ஆசை, நம்ம நாட்டுல அது நடக்குமா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பாண்டி சிங்கம்

செம மச்சி!! ஃபோட்டோ போடு. பிராஸ்ஸோ வாங்கி நல்லா தேய், உப்பு பேப்பர் போட்டு துருவ எடுத்துட்டு ஹால்ல மாட்டு, வர்றவன்லாம் வாய பொளப்பான். முத்தியால்பேட்டைன்னா நம்ம ஏரியா தான், நான் வந்து பாக்கட்டுமா

பழைய இரும்பு

சிங்கம், தயவு செஞ்சு அந்த உப்பு பேப்பர கீழ வைங்க.

தம்பி கெடிலக்கரை, நானும் திருப்பாப்புலியூர்காரன் தான், இப்ப தாம்பரத்துல இருக்கேன். முதல்ல ஒண்ணு, அந்த துப்பாக்கிய இருக்கற எடத்துல இருந்து நகத்தாதீங்க. வண்டில வச்சு கடலூர் கொண்டாறதுங்கற பேச்சே வேணாம். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம்னு வந்து முள்ளோடை தாண்டினா வேற மாநிலம், சாராய பாட்டில் தேடறவங்க கண்ணுல இது பட்டா அப்பறம் "எங்க தாத்தா சொல்தா"ன்னு சொல்லி தப்பிக்க முடியாது. லைசென்ஸே இருந்தாலும் அது எந்த ஏரியாவுக்கு செல்லும்னு லைசென்ஸ்லயே போட்டிருக்கும், பாண்டிக்கு மட்டும் குடுத்த லைசென்ஸ் நம்ம பக்கம் செல்லாது, 20 கிலோமீட்டர் சொச்சம்தானேன்னு நெனைக்க கூடாது. லைசென்ஸ் இல்லன்னா 1959 ஆயுதச் சட்டத்துல நேரா ஜெயில் கேஸ்.

ரெண்டாவது, தோட்டா இல்லன்னு சொல்றீங்க, ஆனா உள்ள சேம்பர்ல, அதாவது தோட்டா உக்கார்ற எடத்துல, ஒண்ணு மாட்டிட்டு இருக்கலாம். பரண்ல கெடந்த எந்த துப்பாக்கியயும் லோடு பண்ணி இருக்குன்னே நெனச்சு தொடணும். ட்ரிக்கர அழுத்தி விளையாடறது, சின்ன பசங்க கையில குடுத்து செல்ஃபி எடுக்கறது எல்லாம் அடியோட வேணாம்.

அது என்ன துப்பாக்கின்னு கேட்டீங்க. லீவர் இருந்தா வின்செஸ்டர்னு நம்ம ஊர்ல எல்லாரும் முடிவு பண்ணிடறாங்க. பேரலுக்கு கீழயே ஒட்டினாப்ல இன்னொரு குழாய் ஓடுதா? வலது பக்கம் தோட்டா தள்ற சின்ன கதவு இருக்கா? பின்னாடி கட்டை விரலால இழுக்கற ஹேமர் வெளிய தெரியுதா? இது மூணும் இல்லன்னா அது நீங்க படத்துல பாத்த சாமான் இல்ல. வலது பக்கம் உடம்புல என்ன வெட்டியிருக்குன்னு ஒரு எழுத்து விடாம எழுதி அனுப்புங்க. துரு மறைச்சிருந்தா சொரண்டாதீங்க, டார்ச்ச பக்கவாட்டுல சாச்சு அடிச்சா நிழல் விழுந்து எழுத்து தெரியும்.

கெடிலக்கரையான்

அய்யோ சார் பயமுறுத்திட்டீங்க, நல்லவேளை எடுத்துட்டு வரல, மாமா பீரோல வச்சு பூட்டிட்டாரு. நேத்து சாயந்திரம் போய் டார்ச் அடிச்சு பாத்தேன். கீழ குழாய் இல்ல, கதவு இல்ல, ஹேமரும் இல்ல, பின்பக்கம் மொழுக்குனு இருக்கு. லீவர் நல்லா நீளமா பின்னாடி போகுது, வளையம் மாதிரி இல்ல, கம்பி மாதிரி. வலது பக்கம் மேல ஒரு கிரீடம், அதுக்கு கீழ வி.ஆர்., அதுக்கு கீழ என்ஃபீல்டு, அப்பறம் 1887, அப்பறம் ரோமன் நாலு. பக்கத்துல கண்ணீர் துளி மாதிரி ஒரு சின்ன இரும்பு துண்டு இருக்கு, அது அசையற மாதிரி தெரியுது. இன்னொண்ணு, ரெண்டு சின்ன அம்பு மூக்கோட மூக்கு முட்டற மாதிரி வெட்டியிருக்கு, அது என்னன்னு புரியல.

பழைய இரும்பு

அப்படி வாங்க! அது மார்ட்டினி ஹென்றி, மார்க் 4, அதாவது நாலாவது மாடல். வின்செஸ்டர் இல்ல, அமெரிக்காவே இல்ல, ஃப்ரெஞ்சும் இல்ல. வி.ஆர்.னா விக்டோரியா ராணி. பிரிட்டிஷ் ராணுவம் 1871ல எடுத்த துப்பாக்கி, 1879ல ஆப்பிரிக்காவுல ஜூலு சண்டைல பேர் வாங்கினது. மார்க் 4 வந்தது 1887, உங்களுது அதே வருஷத்து பீஸ். நீளமான லீவர் தான் அதுக்கு அடையாளம், முன்னாடி வந்த மார்க்குல சுட்டு சூடேறிட்டா காலி தோட்டா உள்ளயே சிக்கிக்கும், அத இழுக்க பலம் வேணும்னு லீவர நீட்டினாங்க. அந்த கண்ணீர் துளி, உள்ள தோட்டாவ குத்தி வெடிக்க வைக்கற ஸ்ட்ரைக்கர் ஏறி நிக்குதா எறங்கி இருக்கான்னு காட்டற முள். ஹேமர் வெளிய இல்லாததால அது ஒண்ணு தான் வெளில தெரியற அடையாளம், அதனால தான் விளையாடாதீங்கன்னு சொன்னேன்.

வேலை செய்யற விதம் வின்செஸ்டருக்கு நேர் எதிர். லீவர கீழ தள்ளினா பேரலுக்கு பின்னாடி மூடியா இருக்கற ப்ளாக்கோட முன் நுனி கீழ எறங்கும், காலி தோட்டா வெளிய வரும், அடுத்தத கையால தான் வைக்கணும், லீவர மேல இழுத்தா மூடிக்கும். ஒத்தை வெடி. வின்செஸ்டர் குழாய்ல வரிசையா தோட்டா நிக்கும், லீவர் அடிக்க அடிக்க வந்துட்டே இருக்கும். அதனால கலெக்ட் பண்றவங்க இது ரெண்டையும் வேற வேற குடும்பமா தான் வப்பாங்க.

பேர்லயும் ஒரு குழப்பம் இருக்கு. ப்ளாக் எறங்கற ஐடியா அமெரிக்காக்காரர் பீபாடியோடது, அத மாத்தி அமைச்சது சுவிட்சர்லாந்துல இருந்த மார்ட்டினி, பேரல் எடின்பரோ அலெக்சாண்டர் ஹென்றியோடது, உள்ள ஏழு காடி, அதாவது குண்ட சுழல வைக்கற பள்ளம், ஓடும். 1860ல அமெரிக்காவுல வந்த ஹென்றி ரைஃபிள் இருக்கே, வின்செஸ்டருக்கே அப்பன், அந்த ஹென்றி பெஞ்சமின் டைலர் ஹென்றி, அவரு வேற ஆளு. மாமா காதுல எங்கயோ ஹென்றின்னு விழுந்து அது வின்செஸ்டர்ல போய் முடிஞ்சிருக்கலாம்.

மாமா கதைக்கு வருவோம். தாத்தா சொல்தாவா இருந்தது உண்மையா இருக்கட்டும், முத்தியால்பேட்டைல அப்படி எத்தனையோ குடும்பம். ஆனா ஃப்ரெஞ்சு பட்டாளத்துல அந்த காலத்துல குடுத்தது 1874 க்ரா, அப்பறம் 1886 லெபெல், ரெண்டுமே பக்கத்துல கைப்பிடி போட்ட போல்ட் துப்பாக்கி, லீவரே கெடையாது. இங்கிலீஷ்காரன் ராணி கிரீடம் போட்ட சாமான ஃப்ரெஞ்சுக்காரன் தன் சிப்பாய்க்கு குடுக்க மாட்டான். அப்ப எப்படி வந்துச்சு? அதுக்கு தான் அந்த ரெண்டு அம்பு. பிரிட்டிஷ் அரசாங்க சொத்துன்னா ஒத்தை அம்பு குத்துவாங்க, சர்வீஸ்ல இருந்து கழிச்சு வெளிய வித்தா எதிர்ல இன்னொரு அம்பு குத்தி மூக்கோட மூக்கு முட்ட விடுவாங்க. அதாவது உங்களுது முறையா வெளிய வித்த துப்பாக்கி. யாரோ காசு குடுத்து வாங்கியிருக்காங்க, தாத்தாவோ அவருக்கு முன்னாடி ஒருத்தரோ. இரும்புல வெட்டியிருக்கறது தான் சாட்சி, மத்ததெல்லாம் சாப்பாட்டுக்கு அப்பறம் பேசற பேச்சு.

போலியான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க. கைபர் பக்கம் பட்டறைல கையாலயே இதே மாதிரி செஞ்சு தள்ளியிருக்காங்க, அதுல கிரீடம் கோணலா இருக்கும், என்ஃபீல்டு ஸ்பெல்லிங் தப்பா இருக்கும், இங்கிலீஷ் என் எழுத்து கண்ணாடில பாத்த மாதிரி திரும்பி இருக்கும். எழுத்து ஒரே ஆழத்துல சீரா இருந்தா பயம் இல்ல.

டல்லாஸ் தம்பி

சொந்த ஊர் பண்ருட்டி, இங்க டெக்ஸாஸ்ல செட்டில். நான் லீவர் ஆக்‌ஷன் தான் சேக்கறேன், அதனால வின்செஸ்டர் பத்தி கொஞ்சம் சொல்றேன், நண்பர் ஆசைப்பட்டாரு பாவம்.

இங்க சட்டம் ஈசி. 1968 சட்டப்படி 1898ல இல்ல அதுக்கு முன்னாடி செஞ்சதுன்னா ஆன்டிக், ஃபெடரல் ரூல்ல அத துப்பாக்கியாவே எண்ண மாட்டாங்க. அதனால 1894 மாடல் வின்செஸ்டர் ரெண்டு ஒரே மாதிரி டேபிள்ல இருக்கும், ஒண்ணு 1897ல செஞ்சது ஆன்டிக், பக்கத்துல இருக்கறது 1902, அது இல்ல. பாக்கறதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, சீரியல் நம்பர் ஒண்ணு தான் முடிவு பண்ணும். 1894 மாடல் 70 லட்சத்துக்கு மேல அடிச்சிருக்காங்க, அதனால சும்மா ஒரு 94 பாத்தா கண்ணு விரிய தேவையில்ல. 1866 தான் அழகு, உடம்பு பித்தளை கலர்ல மஞ்சளா இருக்கும், யெல்லோ பாய்னு பேரு. பக்கத்துல கதவு வழியா லோடு பண்றது அதுல தான் வந்துச்சு, நெல்சன் கிங்னு ஒருத்தர் ஐடியா, அதுக்கு முன்னாடி ஹென்றி ரைஃபிள்ல குழாயோட முன் பக்கத்த தொறந்து போடணும். 1877ல ப்ளெவ்னா சண்டைல துருக்கிக்காரங்க தூரத்துக்கு பீபாடி மார்ட்டினி, கிட்ட வந்தா இந்த 66, ரெண்டையும் வச்சு ரஷ்யாக்காரங்கள வெளுத்துட்டாங்க. நம்மாளு பரண்ல இருக்கறது அந்த மார்ட்டினியோட கூடப் பொறந்தது, அதனால ரொம்ப வருத்தப்பட வேணாம் ப்ரோ.

1886, 1892, 1894, 1895 நாலும் ஜான் பிரவுனிங் டிசைன். 95ல கீழ குழாய் கெடையாது, பெட்டி மேகசின். ஏன்னா குழாய்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணு நிக்கறப்ப கூர் மூக்கு தோட்டா போட்டா அது முன்னாடி இருக்கறதோட பின்பக்க ப்ரைமர, அதாவது தீ பத்த வைக்கற மருந்த, குத்தி உள்ளயே வெடிக்க சான்ஸ் இருக்கு, அதனால குழாய் மாடல்ல மொட்டை மூக்கு தோட்டா தான் போடுவாங்க. அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்கா வேட்டைக்கு 1909ல எடுத்துட்டு போனது இந்த 95 தான். முதல் உலகப் போர்ல ரஷ்யா 3 லட்சம் கிட்ட இத வாங்குச்சு.

ஏமாத்து வேலையும் இங்க ஜாஸ்தி. இத்தாலி உபெர்ட்டி கம்பெனி 66, 73 மாடல அச்சு அசலா இன்னைக்கும் செய்யுது, நல்ல ரெப்ளிகா தான், ஆனா சில பேரு அதுல இருக்கற இத்தாலி முத்திரைய அழிச்சுட்டு, ஆசிட் போட்டு பழசாக்கி விக்கறான். அதனால வயோமிங்ல கோடிங்கற ஊர்ல மியூசியம் இருக்குல்ல, அவங்க கிட்ட வின்செஸ்டர் ஃபேக்டரி பழைய ரெஜிஸ்டர் இருக்கு, சீரியல் நம்பர் குடுத்தா அந்த பீஸ் எந்த நீள பேரலோட எப்ப வேர்ஹவுஸ்ல இருந்து போச்சுன்னு லெட்டர் குடுப்பாங்க. நெறைய மாடலுக்கு கிடைக்கும். நான் அந்த லெட்டர் இல்லாம பெரிய வெலைக்கு எதுவும் தொடறதில்ல.

நெல்லிக்குப்பம் சர்க்கரை

பாண்டி சிங்கம் பிராஸ்ஸோன்னு சொன்னத பாத்து எனக்கு பிபி ஏறிடுச்சு. எங்க பெரியப்பா கிட்ட லைசென்ஸோட ஒரு பழைய கிரீனர் கம்பெனி துப்பாக்கி இருந்துச்சு, இதே மார்ட்டினி லீவர் தான் ஆனா 12 போர், உள்ள காடி இருக்காது, பர்மிங்காம் சாமான். ஒரு கடைல சர்வீஸுக்கு குடுத்தாரு, அந்த மகராசன் பஃபிங் வீல்ல வச்சு பளபளன்னு ஆக்கி கருப்பு கலர் ஏத்தி குடுத்துட்டான். சோதிச்சு பாத்ததுக்கு குத்தற ப்ரூஃப் முத்திரை, கம்பெனி பேரு, எல்லா எழுத்தும் தேஞ்சு வழுக்குது, மூலை எல்லாம் உருண்டு போச்சு, சோப்பு கட்டி மாதிரி. காசு வேற வாங்கிட்டு. பெரியப்பா ஆசை ஆசையா பிரிச்சு பாத்துட்டு பேசவே இல்ல. இப்ப அது எந்த வருஷத்துதுன்னு சொல்ல ஒரு கோடு கூட இல்ல.

அதனால கெடிலக்கரை, அந்த பிரவுன் கலர் இருக்கே அது 130 வருஷத்து தோலு, அத உரிச்சா வெலையும் போச்சு வரலாறும் போச்சு. செவப்பா பொடி பொடியா உதிர்றது மட்டும் தான் உயிரோட இருக்கற துரு, அத மெஷின் ஆயில் ஊற வச்சு பருத்தி துணியால தேச்சு தேச்சு எடுக்கணும், அவசரமே கூடாது. தேங்காண்ணெய் போடாதீங்க, நம்ம வீட்ல எல்லாத்துக்கும் அத தான் தூக்குவாங்க, அது காஞ்சு பிசினாட்டம் ஒட்டி தூசிய பிடிச்சுக்கும். கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் ஒரு சொட்டு ரெண்டு சொட்டு கையில தடவி தேய்ங்க, அந்த காலத்துலயும் பட்டாளத்துல அத தான் போட்டாங்க. வார்னிஷ் மட்டும் அடிச்சுடாதீங்க. அந்த கோணி சாக்கு, தோல் கவர் ரெண்டும் எதிரி, ஈரத்த உள்ள பிடிச்சு வச்சுக்கும். கடல் காத்துக்கு பாண்டியும் கடலூரும் ஒண்ணு தான், வெறுங்கையால தொட்டா வேர்வை உப்புலயே வெரல் ரேகை துருவா பதியும், அதனால கிளவுஸ் போட்டு தொடச்சிட்டு வைங்க. கட்டைல கரையான் ஓட்டை இருக்கான்னும் பாருங்க, பரண் சாமான்னா கேக்கவே வேணாம். ஆனா இதெல்லாம் பேப்பர் சரியானதுக்கு அப்பறம்.

பாண்டி சிங்கம்

சரி சரி விடுங்கப்பா, நான் வீட்ல பித்தளை குத்துவிளக்கு தேய்க்கற ஆளு, தெரிஞ்சத சொன்னேன் 😂 நம்ம நாட்டுல கலெக்ட் பண்ணலாமான்னு கேட்டாரே அத யாரும் சொல்லலயே

பழைய இரும்பு

வரேன். நேரா சொன்னா, டல்லாஸ் தம்பி மாதிரி செவுரு ஃபுல்லா மாட்டறது இங்க நடக்காது. 2019 திருத்தத்துக்கு அப்பறம் ஒரு ஆளுக்கு மொத்தமே ரெண்டு துப்பாக்கி தான், முன்ன மூணு இருந்துச்சு. பரம்பரையா வந்ததுன்னு சொன்னாலும் அந்த ரெண்டுக்குள்ள தான். சில பேரு "பழசு, ஆன்டிக், அதனால லைசென்ஸ் வேணாம்"னு வாய்க்கு வந்தத சொல்வாங்க, நம்பாதீங்க. சட்டத்துல 45வது பிரிவுல விலக்கு இருக்கு, ஆனா படிச்சு பாத்தா பழைய மாடலா இருந்தா மட்டும் போதாது, ரிப்பேர் பண்ணாலும் பண்ணலனாலும் சுடவே முடியாத நிலைல இருக்கணும். உங்களுது லீவர் அசையுது, முள் அசையுது, அந்த விலக்க நம்பி தூங்க முடியாது. 2020 பிப்ரவரில க்யூரியோ, அதாவது பழைய அரும்பொருள் வகை துப்பாக்கிய இந்திய குடிமக்கள் லைசென்ஸ் இல்லாம வச்சுக்கலாம்னு மத்திய உள்துறை ரூல் மாத்துச்சு, அது கலெக்‌ஷன் பண்றவங்களுக்கு நல்ல கதவு தான். ஆனா அதுலயும் எடுத்துட்டு போக, ஊர் மாத்த, சுட லைசென்ஸ் வேணும். உங்க பீஸ் அந்த வகைல வருமான்னு முடிவு பண்றது கலெக்டர் ஆபீஸ், நாம இல்ல, இங்க பேசற யாரும் இல்ல.

அதனால இப்ப செய்ய வேண்டியது வீட்ட இடிக்கறதுக்குள்ள பேப்பர் தேடறது. தாத்தா பேர்லயோ அவரு பையன் பேர்லயோ லைசென்ஸ் புக் இருக்கும், பத்திரம் வச்ச டிரங்க் பொட்டி, பழைய பேங்க் பாஸ்புக், எல்லாத்தையும் பாருங்க. இன்னொரு வழி இருக்கு, யாரும் யோசிக்க மாட்டாங்க. எலெக்‌ஷன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கிய எல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்க சொல்வாங்க, ஒப்படைச்சா ரசீது குடுப்பாங்க, அந்த துண்டு சீட்டுல லைசென்ஸ் நம்பர் இருக்கும். அது கிடைச்சா போதும், பாண்டி கலெக்டர் ஆபீஸ்ல பழைய ரெஜிஸ்டர பொரட்ட சொல்லலாம். 2016 ரூல்ஸ்ல வாரிசுக்கு மாத்தி தர வழி இருக்கு, லைசென்ஸ்காரர் இறந்துட்டாலும் சரி, 70 வயசு ஆயிட்டாலும் சரி. ஒண்ணும் கிடைக்கலனா ஒரு வக்கீல வச்சு, பரண்ல இன்ன தேதில கிடைச்சதுன்னு மாமாவே எழுதி குடுத்து, ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர் கிட்டயோ டெபாசிட் பண்ணிட்டு அப்பறம் அப்ளை பண்ணட்டும். மறைச்சு வைக்கறது தான் ஆபத்து.

டல்லாஸ்ல யாருக்காவது வித்துடலாம்னு ஒரு ஐடியா வரும் பாருங்க, அதையும் சொல்லிடறேன். 100 வருஷம் தாண்டின சாமான் 1972 தொல்பொருள் சட்டத்துல வரும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

கலெக்‌ஷன் ஆசைக்கு நான் கண்டுபிடிச்ச வழி, துப்பாக்கிய விட்டுட்டு அத சுத்தி இருக்கறத சேக்கறது. பழைய கம்பெனி கேட்லாக், விளம்பர தாள், டிரில் புத்தகம், ஃபோட்டோ. போலீஸ் பயம் இல்ல, ராத்திரி நல்லா தூக்கம் வரும். பாண்டி சண்டே மார்க்கெட்ல பழைய ஃப்ரெஞ்சு பட்டாள ஃபோட்டோ கண்ணுல பட்டா விடாதீங்க. சாமான கண்ணால பாக்கணும்னா எழும்பூர் மியூசியத்துலயும் கோட்டை மியூசியத்துலயும் ஆயுதம் இருக்கு, ஞாயித்துக்கெழம கூட்டத்துல போகாதீங்க, பாக்க விட மாட்டாங்க.

தேவனாம்பட்டினம்

நடுவுல ஒரு கொசுறு. துப்பாக்கி வரலாறுன்னா நம்ம கடலூரே பெரிய பீஸ் சார். 1690ல இங்கிலீஷ்காரன் செஞ்சி மராட்டாக்காரங்க கிட்ட இருந்து தேவனாம்பட்டினம் கோட்டைய வாங்கறப்ப, பீரங்கி சுட்டா குண்டு எவ்ளோ தூரம் போய் விழுதோ அவ்ளோ நெலமும் சேத்துன்னு பேச்சு. சுத்தி இருக்கற ஊரெல்லாம் அதுல வந்துச்சு, குண்டு கிராமம்னு பேரே வச்சாங்க. இப்ப ரியல் எஸ்டேட்காரங்களுக்கு அந்த வசதி இல்லாதது நம்ம நல்ல நேரம்.

கெடிலக்கரையான்

எல்லாருக்கும் பெரிய நன்றி. அப்டேட் சொல்றேன். மாமா கிட்ட ஃப்ரெஞ்சு இல்ல இங்கிலீஷ்னு சொன்னதுக்கு மொதல்ல கோச்சுக்கிட்டாரு, "உனக்கு என்னடா தெரியும், நெட்ல எவனோ சொன்னானா"ன்னாரு, டார்ச் அடிச்சு கிரீடத்த காட்டினதும் அமைதி ஆயிட்டாரு. ஆனா அத்தை தான் சூப்பர், இரும்பு சாரு சொன்ன மாதிரியே டிரங்க் பொட்டிய கொட்டி தேடினதுல ஒரு மடிச்ச ரசீது கிடைச்சிருக்கு, ஒதியஞ்சாலை ஸ்டேஷன் முத்திரை, தாத்தாவோட பையன் பேரு, ஒரு நம்பர், கீழ "சிங்கிள் பேரல் மார்ட்டினி"ன்னு மை மங்கி போய் இருக்கு. இவ்ளோ நாளும் வீட்டுக்குள்ளயே எழுதி வச்சிருந்திருக்கு, வின்செஸ்டர்னு எவன் கெளப்பி விட்டான்னு தெரியல.

திங்கக்கெழம மாமாவ கூட்டிட்டு கலெக்டர் ஆபீஸ் போறேன். என்னென்ன எடுத்துட்டு போகணும்?

பழைய இரும்பு

அருமை, அத்தைக்கு ஒரு கும்பிடு. ரசீது ஒரிஜினல் வீட்லயே இருக்கட்டும், ரெண்டு ஜெராக்ஸ் போதும். லைசென்ஸ்காரரோட இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மாமா ஆதார், மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லன்னு எழுதின கடுதாசி, கிரீடம் பக்கமும் சீரியல் நம்பரும் தெளிவா தெரியற மாதிரி ஃபோட்டோ பிரிண்ட். மாமாவுக்கு அக்கா தங்கச்சி யாராவது இருந்தா இப்பவே கையெழுத்து வாங்கிடுங்க, உங்க அம்மாவும் அதுல ஒரு வாரிசு, மறந்துடாதீங்க.

பாண்டி சிங்கம்

துப்பாக்கிய பையில போட்டு எடுத்துட்டு போய் கவுண்டர்ல வைக்காம இருந்தா சரி

கெடிலக்கரையான்

மாமா அத தான் கேட்டாரு சிங்கம், "காட்ட வேணாமா டா"ன்னு. பீரோ சாவிய அத்தை வாங்கி வச்சுக்கிட்டாங்க.